நேரில் வந்து கூப்பிடணும்

அடி அண்ணாமலை
ஆனி மாதக் கடைசி

அன்புள்ள தம்பி சக்திவேலுக்கு அக்கா பொன்னி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முட்டிவலியும் நன்றாக இருக்கிறது, என்னை விட்டுப் போகிற எண்ணம் அதற்கு இல்லை. உன் காது எப்படி இருக்கிறது? போனில் நான் அரை மணி நேரம் பேசினாலும், உன் மகள் கவிநிலா அதை உனக்குச் சீட்டில் எழுதிக் காட்டும்போது ‘அத்தை நல்லா இருக்காங்க’ என்று முடித்துவிடுகிறாளாமே. அதனால்தான் அறிவொளி வகுப்பில் கற்ற எழுத்தை வைத்துக் கடிதமாகவே எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னைத் திட்டாதே, சொல்லிக்கொடுத்த டீச்சரைத் திட்டு.

போன கார்த்திகையில் டவுன் பக்கம் மலை சரிந்து உயிர்கள் போனது உனக்குத் தெரியும். அதிலிருந்து நம் தெருவில் தூறல் போட்டாலே யாருக்கும் கண் மூடுவதில்லை. ஓடை மலையிலிருந்து இறங்கி நம் வீட்டுப் பின்புறமாகத்தானே போகிறது. இப்போது மேலே புதிதாக ஒரு லாட்ஜ் கட்டுகிறார்கள். ஓடை திரும்புகிற இடத்தில் கட்டடக் குப்பையைக் கொட்டி, அதன்மேல் ஒரு சுவரும் எழுப்பிவிட்டார்கள். பெரிய மழை வந்தால் தண்ணீர் அங்கே முட்டிக்கொண்டு தெருவுக்குள்தான் திரும்பும்.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தோம். மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் எல்லாரும் நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்தோம், தர்மவதி மட்டும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, தெருவின் மேல்முனையில் நாலைந்து நயினார் வீடுகள் இருக்கின்றன. சமணக் குடும்பங்கள். அதில் மளிகைக் கடை வைத்திருப்பவர் தர்மவதி. கிரிவலப் பாதைக்கு வந்ததும் ஒன்று கேட்டார்: “மழை நம்ம மனுவைப் படிச்சிட்டா வரும்?”

அதற்குமேல் நான் சும்மா இருக்கவில்லை. எங்கள் மகளிர் குழுவை நான் கூட்டினேன். ஆட்டோ ஸ்டாண்ட் தலைவர் கண்ணாயிரத்தைக் கூப்பிட்டேன். அன்னதானக் கூடம் நடத்துகிற பலராமனையும் கூப்பிட்டேன். அவர்கள் இரண்டு பேருக்கும் ஆகாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூடத்து வாசலை மறித்து ஆட்டோக்கள் நிற்கும். பலராமன் ஆட்கள் சாம்பார் அண்டா கழுவின தண்ணீரை ஒருமுறை ஆட்டோ சீட்டில் ஊற்றிவிட்டார்கள். கோடை முழுக்க அந்த ஆட்டோவில் பெருங்காய வாசனைதான். இருந்தாலும் வந்து உட்கார்ந்தார்கள். எதிரெதிர் மூலையில்.

மழை வந்தால் தெருவை நாங்களே காப்பாற்றிக்கொள்வது என்று முடிவு. எப்படி என்பது இன்னும் முடிவாகவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கவிநிலாவுக்கு என் முத்தம்.

அன்பு அக்கா
பொன்னி


புனே
ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அண்டா கழுவின கதை எனக்கு எதற்கு? ஓடை ஓரத்தில் கடைசி வீடு நம்முடையது. தண்ணீர் வந்தால் முதலில் போவது அதுதான். வீட்டில் பாதி என்னுடையது என்பதால் சொல்கிறேன், விற்றுவிட்டு இங்கே வந்துவிடு. அந்த லாட்ஜ்காரரே வாங்கிக்கொள்வார்.

இங்கே இரண்டு அறை இருக்கிறது. கவிநிலா காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவாள். நீ வந்தால் ஒரு அறையில் நீ இருக்கலாம். பகலில் இங்கே தொந்தரவு எதுவும் இருக்காது. கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இத்தனை வருஷம் நின்றதில் எனக்குக் காது போனதால் டிவியும் சத்தம் இல்லாமல்தான் ஓடுகிறது.

குழு, கூட்டம் எல்லாம் உன் வயதுக்கு வேண்டாம். முட்டிக்கு எண்ணெய் தேய்.

தம்பி
சக்திவேல்


அடி அண்ணாமலை
ஆடிப் பௌர்ணமி கழிந்து

அன்புத் தம்பிக்கு,

எண்ணெய் தேய்த்தேன். எண்ணெய்தான் தீர்ந்தது. நீயும் குழந்தையும் சுகமா?

வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நாங்கள் பட்ட அவமானத்தைக் கேள், உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

ஆபத்து வந்தால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிய ஒரு சத்தம் வேண்டும் என்று பேசினோம். கண்ணாயிரம் ஹாரன் என்றார். இந்தப் பாதையில் ஹாரனுக்கு யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? பலராமன் சங்கு என்றார். அவர் நன்றாக ஊதுவார், மூச்சு பிடித்தால் விடவே மாட்டார். சங்கு கேட்டதும் போட்டது போட்டபடி தெருவே அன்னதானக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். ஒத்திகையை ஆடிப் பௌர்ணமியில் வைத்தோம், அன்றைக்குத்தான் எல்லாரும் ஊரில் இருப்பார்கள் என்று. எங்கள் புத்தியைப் பார்.

பலராமன் தெருமுனையில் நின்று ஊதினார். கிரிவலம் வந்த ஜனம் அப்படியே நின்று மலையைப் பார்த்துக் கைகூப்பியது. “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்றது. எங்கேயோ இன்னொரு கூட்டம் பதிலுக்கு மூன்று சங்கு ஊதியது. வெளியூர்க்காரர் ஒருவர் பலராமன் காலில் விழுந்து கையில் பத்து ரூபாயை வைத்தார். சரி, அவர்கள் வெளியூர். நம் தெருவாவது கூடத்துக்கு ஓடியதா? என் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் வாசலுக்கு வந்து கற்பூரம் ஏற்றினாள்.

லாட்ஜ் மேனேஜர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகும்போது, “இன்னா ஆன்ட்டி, வெள்ளம் வந்துடுச்சா, இல்ல அடுத்த பௌர்ணமிக்கா?” என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஆளுக்கா நம் வீட்டை விற்கச் சொல்கிறாய்?

கேள். இந்த மழைக்காலம் முடியட்டும். நம் தெருவில் ஓர் உயிர் போனாலும், அது யார் உயிராக இருந்தாலும், நான் மூட்டை கட்டிக்கொண்டு புனேவுக்கு வந்துவிடுகிறேன். போகவில்லை என்றால் விற்கிற பேச்சை நீ எடுக்கக் கூடாது. சம்மதமா, இல்லையா, எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பொன்னி


புனே
ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். சம்மதம்.

கற்பூரம் ஏற்றினது வரைக்கும் படித்துவிட்டு நான் சிரித்த சத்தத்தில் கவிநிலா எழுந்து வந்துவிட்டாள். என் சத்தம் எவ்வளவு பெரிது என்று எனக்கே தெரிவதில்லை. சங்கு ஊதினால் சாமி கும்பிடுகிற தெருவை வைத்துக்கொண்டு மலையோடு மல்லுக்கு நிற்கிறாய். ஐப்பசியில் உனக்கு ரயில் டிக்கெட் போட்டு வைக்கட்டுமா?

மாத்திரையை விடாதே.

சக்திவேல்


அடி அண்ணாமலை
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

டிக்கெட் எல்லாம் வேண்டாம். நான் நலம், நீ நலமா என்று கேட்கவும் செய்கிறேன், கோபம் இருந்தாலும்.

வழி கிடைத்துவிட்டது. பெரிய யோசனை எல்லாம் இல்லை. கூட்டத்தில் பலராமன் இன்னும் பெரிய சங்கு வாங்கலாம் என்று ஆரம்பித்ததும் எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “நம்ம ஜனம் நேர்ல வந்து கூப்பிடலைன்னா சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாது. சங்கு ஊதினா வந்துடுமா?” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

இப்போது முறை இதுதான். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும். வாசலில் நின்று, பேர் சொல்லி. அவர்கள் வெளியே வருகிற வரைக்கும் நகரக் கூடாது. வந்தவர்கள் போய் அதற்கு அடுத்த வீட்டைக் கூப்பிட வேண்டும். உன்னைப் போலக் காது மந்தமான ஆட்களை உள்ளே போய்த் தொட்டே கூப்பிடலாம். தெருமுனையில் கண்ணாயிரத்தின் ஆட்டோக்கள் முகத்தை வெளியே திருப்பி நிற்கும், நடக்க முடியாதவர்களுக்கு. கயிறும் டார்ச்சும் மகளிர் குழு பொறுப்பு. கூடத்தில் பலராமன் கஞ்சி வைப்பார்.

கஞ்சியில்தான் சண்டை வந்தது. நயினார் வீட்டில் வெங்காயம், பூண்டு, கிழங்கு ஆகாது. பொழுது சாய்ந்தால் சாப்பாடே கிடையாது. பலராமன், “வெள்ளத்துலகூட வெங்காயம் பார்ப்பீங்களா?” என்று கேட்டுவிட்டார். தர்மவதி கோபப்படவில்லை. “கழுத்துக்கு வர்ற வரைக்கும் பார்ப்போம்” என்றார். அப்புறம் அவர் பையன் வீரேந்திரன் எழுந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் மற்ற வீடுகளில் எல்லாம் அடுப்புவேலை நடக்கும், எங்கள் வீடுகளில் அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்போம், சாயந்திரக் காவலுக்கு ஓடைத் திருப்பத்தில் நாங்கள் நிற்கிறோம் என்றான். இத்தனை வருஷம் ஒரே தெருவில் இருந்தும் அவர்கள் வீட்டு உலை எப்போது இறங்குகிறது என்று நாங்கள் யோசித்தது கிடையாது. பலராமன் அங்கேயே வெங்காயம் இல்லாத தனி அண்டாவுக்கு ஒத்துக்கொண்டார்.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. சரோஜா வீடு, அடுத்தது கன்னியம்மாள் வீடு, கடைசியில் நான். சரோஜாவும் கன்னியம்மாளும் ஓரகத்திகள். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் சரோஜா பரிமாறிக்கொண்டு வந்தபோது கன்னியம்மாள் இலையைத் தாண்டிப் போய்விட்டாளாம். அதிலிருந்து பேச்சு இல்லை. மாமியார் செத்தபோதுகூட ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து அழுதார்கள். சரோஜா கூப்பிடாவிட்டால் கன்னியம்மாளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியாவிட்டால் எனக்குத் தெரியாது. வரிசையை மாற்றிவிடலாம் என்றார்கள். நான் விடவில்லை. ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு சுற்றுவழி போட்டால் அப்புறம் தெரு என்று எதற்குப் பேர்?

கவிநிலாவை வேளைக்குத் தூங்கச் சொல்.

பொன்னி


புனே
அக்டோபர் 15

அக்காவுக்கு,

சுகம். ஒன்று கேட்க வேண்டும். லாட்ஜ் கட்டுகிற வடக்கத்திப் பிள்ளைகள் அந்தச் சுவர் ஓரம் தகர ஷெட்டில் இருப்பதாகக் கண்ணாயிரம் கவிநிலாவிடம் போனில் சொன்னாராம். அவர்களை யார் கூப்பிடுவார்கள்? உன் வரிசையில் அவர்கள் இல்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எங்கள் கம்பெனி ஷெட்டில் தீப்பிடித்தது. எல்லாரும் ஓடினார்கள், என்னிடம் எனக்குப் புரிகிற மாதிரி ஒருவரும் சொல்லவில்லை.

வீரேந்திரனை இதை மனப்பாடம் செய்யச் சொல்: “பானி ஆ ரஹா ஹை, ஜல்தி நிக்லோ.” தண்ணீர் வருகிறது, சீக்கிரம் வெளியே வா என்று அர்த்தம்.

பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

சக்திவேல்


அடி அண்ணாமலை
கார்த்திகை மாதம்

அன்புத் தம்பிக்கு,

கடிதம் தாமதம். மழைச் செய்தி கேட்டு நீ போட்ட மூன்று கார்டும் சேர்ந்தாற்போல வந்தன. நான் சுகம். தெருவே சுகம். உயிர் ஒன்றுகூடப் போகவில்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் நீ மிச்சத்தை நிதானமாகப் படிப்பாய். தர்மவதி வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், காற்று நன்றாக வருகிறது.

மழை இரண்டு நாளாகவே விடவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் நான் அடுப்பில் ரசம் வைத்திருந்தேன். தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஓடைத் திருப்பத்தில் வீரேந்திரன் குடை பிடித்து நின்றிருக்கிறான். தண்ணீர் செம்மண் நிறமாக மாறி, உள்ளே கல் உருளுகிற சத்தம் கேட்டதாம். முதலில் ஷெட்டுக்குத்தான் ஓடியிருக்கிறான். நீ எழுதிக்கொடுத்ததில் பாதி மறந்துபோய் “பானி, பானி” என்று மட்டும் கத்தினானாம். அவர்களுக்கு அது போதுமாக இருந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் தெருவுக்குள் வந்து, அவர்களே கதவுகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் நம் ஜனம் முறைப்படி பக்கத்து வீட்டு ஆள் வந்து பேர் சொல்கிற வரைக்கும் நகரவில்லை. அதற்கு நான் யாரைத் திட்டுவது?

மேல்முனையிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் அப்படியே வீடு வீடாக இறங்கிக்கொண்டு வந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. சரோஜா வீட்டில் வந்து நின்றது.

கன்னியம்மாள் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். சரோஜா அதனிடம் பேசினாள். “ஏ நாயே, ஓடை வந்துடுச்சு. உள்ள அடுப்புகிட்ட ஒருத்தி இருக்கா, எழுந்து வரச்சொல்லு.”

உள்ளேயிருந்து கன்னியம்மாள், “நாயே, பேர் சொல்லித்தான் கூப்பிடணுமாம். சட்டம் அப்படி. போய்ச் சொல்லு” என்றாள்.

தண்ணீர் என் வாசற்படிக்கு வந்துவிட்டது. நான் ஏன் எழுந்து போகவில்லை என்று நீ கேட்பாய். கன்னியம்மாள் வந்து என்னைக் கூப்பிட வேண்டிய முறை. நானே எழுந்து போய்விட்டால், அடுத்த மழைக்கு யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். உட்கார்ந்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது.

அப்புறம் சரோஜா குரல். “கன்னியம்மா. வாடி.”

அடுத்த நிமிஷம் கன்னியம்மாள் முழங்கால் தண்ணீரில் என் வாசலில் நிற்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்றேன். “நீ வர்ற வரைக்கும் நான் நவுரக் கூடாது. நீ போட்ட சட்டம்தான். என்னைச் சாகடிக்கப் போறியா?” என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் சரோஜா. அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை, என்னை மட்டும் திட்டிக்கொண்டே வந்தார்கள். தெருமுனையில் ஒரு ஆட்டோ தண்ணீரில் நின்று போயிருந்தது. அதைத் தள்ளியது பலராமன் ஆட்கள். கண்ணாயிரம் உள்ளே உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, “மெதுவா, மெதுவா” என்று அவர்களுக்கே உத்தரவு போட்டார்.

கூடத்தில் தெரு முழுக்க இருந்தது. வடக்கத்திப் பிள்ளைகள் பலராமனிடம் கஞ்சியில் இன்னும் மிளகாய் கேட்டார்கள். லாட்ஜ் சுவரை ஓடை தள்ளிவிட்டுப் போய்விட்டது. சரோஜா வீட்டுக் கொல்லையில் மண் நிறைந்துவிட்டது. கன்னியம்மாள் வீட்டில் ஆட்டுக்கொட்டகை போச்சு, ஆடுகள் இருக்கின்றன. வழித்துப்போட வேலை ஜாஸ்தி, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

பந்தயம் ஞாபகம் இருக்கட்டும்.

பொன்னி


புனே
டிசம்பர் 22

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எல்லார் வீட்டையும் எழுதினாய். கொட்டகை, ஆடு வரைக்கும் எழுதினாய். நம் வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. தர்மவதி வீட்டு மாடியில் காற்று வருகிறதாம். கவிநிலாவை விட்டுக் கண்ணாயிரத்துக்குப் போன் போடச் சொன்னேன். சமையல்கட்டும் பின்னறையும் அன்றைக்கே விழுந்து ஓடையோடு போய்விட்டன, முன்னறை மட்டும்தான் நிற்கிறது என்று சொன்னாராம். நீ உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினாயே, அந்தச் சமையல்கட்டு.

இன்னும் கொஞ்சம் நேரம் அந்த இரண்டு பொம்பளைகளும் நாயோடு பேசிக்கொண்டிருந்தால்? அதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை.

பந்தயம் எல்லாம் முடிந்தது. பொங்கலுக்கு முன்னால் வருகிறேன். சென்னையில் இறங்கி ஒரு வேன் பேசிக்கொண்டு வருவேன். மிச்சம் இருக்கிற சாமானைக் கட்டி வை.

சக்திவேல்


அடி அண்ணாமலை
மார்கழி

அன்புத் தம்பிக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிப்பேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? கவிநிலா எப்படி இருக்கிறாள்?

நான் பொய் எழுதவில்லை. ஒரு விஷயத்தை எழுதாமல் விட்டேன், அவ்வளவுதான். எழுதியிருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பாய். வந்து, இடிந்த சுவர் பக்கத்தில் நின்று அழுதிருப்பாய். அப்போது எனக்கு உன்னைத் தேற்ற நேரம் இல்லை, தெரு முழுக்க மண்.

பந்தயத்தில் நான் சொன்னதும் நீ ஒத்துக்கொண்டதும் உயிர். வீடு என்று எங்கேயும் எழுதவில்லை, என் கடிதத்தை எடுத்துப் பார். உயிர் எல்லாம் இருக்கிறது. அதில் என்னுடையதும் ஒன்று. தோற்றது நீதான்.

சமையல்கட்டு இருந்த இடத்தில் இப்போது ஓடை போகிறது. போகட்டும். மேலே வழியை அடைத்தால் அது வேறு எங்கே போகும்? என் பாதியை அதற்கு விட்டுவிட்டேன். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். முன்னறை உன்னுடையது என்றே வைத்துக்கொள். விற்கிறதானால் விற்கலாம், வாங்குகிறவர் தண்ணீரோடு பேசிக்கொள்ளட்டும். எனக்குத் தர்மவதி மாடி போதும். இராத்திரி ரசம் வைக்கிறதை மட்டும் விட்டுவிட்டேன். அந்த வீட்டில் இருட்டினப்புறம் தாளிக்கிற வாசனை வந்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

பகல் முழுக்கச் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நீ என்னை வரச்சொன்னது எனக்காக மட்டும் இல்லை என்பதும் தெரியும். அதை நேராக எழுதியிருக்கலாம். எழுதியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன், ஆனால் உன்னை இங்கே வரச்சொல்லி அப்போதே எழுதியிருப்பேன். முன்னறைக் கூரை ஒழுகவில்லை.

இப்போது கேள். லாட்ஜ்காரர் அதே இடத்தில் மறுபடியும் சுவர் வைக்க மணல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். அந்த மணல்மேல் நாங்கள் முறை வைத்து உட்கார்ந்திருக்கிறோம். காலையில் மகளிர் குழு, மதியம் பலராமன் ஆட்கள், சாயந்திரம் நயினார் வீடு. சரோஜாவும் கன்னியம்மாளும் ஒரே முறையில் வருகிறார்கள், மணலின் ஆளுக்கொரு பக்கம். மேனேஜர் வந்து, எவ்வளவு நாள் உட்காருவீங்க என்று கேட்டார். நான் சொன்னேன்: “நாங்க வெள்ளத்துலயே உட்கார்ந்தவங்க. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

பொங்கலுக்கு முந்தின திங்கட்கிழமை வேங்கிக்காலில் மனு நாள். இந்தத் தடவை நாலு பேர் போவதாக இல்லை. தெருவே போகிறது. கண்ணாயிரத்தின் ஆட்டோக்கள் எல்லாம் வந்தாலும் இடம் கம்மி. வேன் பேசிக்கொண்டு வருவதாக எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமையே வந்து சேர். எனக்குக் கட்ட மூட்டை ஒன்றும் இல்லை, வேனில் எங்கள் ஆட்களை ஏற்றிக்கொள்ளலாம்.

வழியில் தண்ணீர் நிறையக் குடி.

உன் அக்கா
பொன்னி